பள்ளிக் காலைக் கூட்டமும் குழந்தைகளின் அகவளர்ச்சியும்

தோற்றுவாய்

மதுரை மாநகரின் வடபுறத்தே அமைந்தது ஆனையூர். 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை அது தனி நகராட்சியாக விளங்கியது. காலை ஒன்பது மணியை ஒட்டி இப்பகுதியில் நடந்து செல்வோர்க்கு ஓர் ஒலி பழக்கமானது. பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஒலிவாங்கி முதலில் கிறீச்சிடும். பின்னர்த் தமிழ்த்தாய் வாழ்த்து எழும். ஒரு சிறுமி குறளையும் அதன் பொருளையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். ஒரு மாணவன் முன்மொழிய, நூற்றுக்கணக்கான குரல்கள் உறுதிமொழியை வழிமொழியும். நாளிதழ்ச் செய்திகள் நான்கைந்து வாசிக்கப்படும். தலைமையாசிரியர் சில சொற்கள் கூறுவார்; சில நாள்களில் பல சொற்கள் கூறுவார். இறுதியில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட காலந்தாழ்ந்து வந்த பிள்ளைகளும் புத்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு விறைத்து நிற்பார்கள்.

மாணாக்கர் இதனைப் 'பிரேயர்' என்பர். ஆசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டம் என்பர். ஒரு குழந்தை முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இக்கூட்டத்தில் நிற்கும் நாள்களைக் கணக்கிட்டால் அவை இரண்டாயிரத்தைத் தாண்டும். வேறெந்தப் பாடத்திற்கும் இத்துணைத் தொடர்ச்சி இல்லை. எனினும் இதற்குப் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆதலின் இதனை எவரும் ஆராய்வதும் இல்லை. குழந்தையின் ஆன்மிகம், அறம், சமூக உணர்வு, பண்பாடு ஆகியவை இக்கூட்டத்தால் எவ்வாறு வளர்கின்றன, எப்போது தளர்கின்றன என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆனையூரில் நிற்கும் ஒரு குழந்தையை மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றேன். அக்குழந்தை யார் என்பது பின்னர் விளங்கும்.

அவையும் குழந்தையும்

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என ஈரதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அமைச்சியலின்பாற் பட்டவை. அரசவையில் பேசவல்ல அமைச்சனுக்கு உரியவை. இன்று அவ்விரு தகுதிகளையும் முதன்முதலில் வேண்டி நிற்பவன் நான்காம் வகுப்பு மாணவன். செய்தித்தாளின் நான்கு வரிகளை நூற்றுக்கணக்கானோர் முன் வாசிக்க வேண்டிய நாளில் அவன் காலைப் பசியை மறக்கின்றான், முழங்கால் நடுங்குகின்றது. வாசித்து முடித்து வரிசைக்குத் திரும்புங்கால் அவன் முன்போல் இருப்பதில்லை. முன்னின்று பேசுவோரின் நடுக்கம் எத்தன்மையது என அறிந்துகொண்டமையால், மறுநாள் பேசுபவன் தடுமாறும்போது அவன் சிரிப்பதற்குத் தயங்குகின்றான். அவை அஞ்சாமையினும் இத்தயக்கமே விலையுயர்ந்தது என்பது என் கருத்து. பேச்சாற்றல் மேடையில் நிற்கும் ஒருவனுக்குக் கிடைப்பது. பிறன் இடர்ப்பாட்டை உணர்தல் கேட்டு நிற்கும் அனைவர்க்கும் கிடைப்பது.

ஆயினும் நடைமுறையில் நிகழ்வது யாது? நன்றாகப் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகளே ஆண்டு முழுதும் ஒலிவாங்கியின் முன் நிற்கின்றனர். திக்குவாய்ப் பிள்ளையும் மெல்லப் படிக்கும் பிள்ளையும் பன்னிரண்டாண்டுகள் வரிசையிலேயே நின்றுவிட்டு வெளியேறுகின்றனர். கூட்டம் பிழையின்றி நடைபெற வேண்டும் என்னும் கவலையே இதற்குக் காரணம். பிழையோடு நடைபெற்றால்தான் என்ன? வகுப்பின் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொரு குழந்தையும் ஒரு நாள் முன்னிற்கும் வழக்கம் வரின், இக்கூட்டத்தின் சமூகப் பயன் பாதிக்கு மேல் கைகூடிவிடும்.

வணக்கமும் வாழ்த்தும்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கூட்டம் தொடங்கும் பாடல் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இயற்றி 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது. 1970-இல் அரசு விழாக்களுக்குரிய பாடலாக இது ஏற்கப்பட்டது, இசையமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன். 2021 திசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டு, பாடப்பெறும் 55 விநாடிகளும் மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டும் எனவும் ஆணையிடப்பட்டது.

மொழியைத் தெய்வமாக வைத்துப் போற்றுதல் தகுமா என்று நம் சமுதாயப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. தமிழ்த்துறையினர் இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் முறையன்று. விடை நூலிலேயே உள்ளது. சுந்தரம் பிள்ளை தம் பாயிரத்தில் இப்பகுதிக்கு இட்ட தலைப்பு தமிழ்த் தெய்வ வணக்கம் என்பதாகும். அரசு ஏற்றபோது அது தமிழ்த்தாய் வாழ்த்து ஆயிற்று. தலைப்பு மட்டும் மாறவில்லை. மூலப்பாடலில் தமிழை எல்லையற்ற பரம்பொருளோடு ஒப்பிட்டுரைக்கும் அடிகள் உண்டு; பிறமொழிகளைத் தாழ்த்துவதாகத் தோன்றும் அடிகளும் உண்டு. அவை யாவும் பள்ளியிற் பாடப்பெறும் வடிவில் இல்லை. எஞ்சியிருப்பது, நிலத்தைப் பெண்ணாக உருவகித்து, அவள் முகமும் நெற்றியும் திலகமும் இன்னின்ன என்று கூறி, மொழியை வாழ்த்தும் இலக்கிய மரபு. ஐந்து வேளை ஒருவனையே வணங்கும் வீட்டுப்பிள்ளையும், கோயிற் படியில் விழுந்து வணங்கிவிட்டு வரும் பிள்ளையும், வேதாகமம் படித்துவிட்டு வரும் பிள்ளையும், கடவுள் நம்பிக்கையற்ற இல்லத்துப் பிள்ளையும் ஒரே வாயாற் பாடத்தக்க ஒன்றை அரசு நாடியது. வணக்கத்தைக் குறைத்து வாழ்த்தைக் கொண்டமையால் அது கிட்டியது. இலக்கிய நோக்கில் ஒரு நூலின் அடிகளை வெட்டுதல் எனக்கு உவப்பன்று. பள்ளி முற்றத்தை நோக்குங்கால் அவ்வெட்டு நன்றெனவே படுகின்றது.

உறுதிமொழியும் முகாம் பிள்ளையும்

பாடலை அடுத்து வருவது உறுதிமொழி. இதனைத் தெலுங்கில் 1962-இல் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அலுவலராகப் பணியாற்றியவர் அவர். 1964-இல் நடுவண் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையிற் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் இதனை நாடெங்குமுள்ள பள்ளிகட்குப் பரிந்துரைத்தது. 1965 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுதியவர் தெலுங்கர், நாட்டிற்கு வழங்கிய கூட்டத்தின் தலைவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த இசுலாமியர். இச்செய்தியை எத்தனை பள்ளிகள் தம் கூட்டத்தில் ஒருநாளேனும் சொல்லியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே 1964-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அக்டோபர்த் திங்களில் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கையின் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் என எண்ணிக்கையாற் பங்கிடப்பட்டனர். தம் நாடு எதுவென அவர்களைக் கேட்டார் எவருமிலர். பின்னர் 1983-ஆம் ஆண்டு வன்செயல்களை அடுத்துக் கடல் கடந்து வந்தோர்க்குத் தமிழ்நாட்டில் முகாம்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று ஆனையூரில் உள்ளது. 2021 ஆகத்தில் தமிழ்நாடு அரசு இவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. அப்போது மாநிலத்தில் 100-க்கு மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

நான் மனத்திற் கொண்டிருக்கும் குழந்தை இம்முகாமிற் பிறந்த பிள்ளை. அதன் தாய் தந்தையரும் பெரும்பாலும் இம்மண்ணிற் பிறந்தவரே. 1987 சூலை முதல் நாளும் அதன் பின்னரும் இந்நாட்டிற் பிறந்தவர்க்குப் பிறப்பு மட்டுமே குடியுரிமை தருவதில்லை. பெற்றோர் குடியுரிமையும் வேண்டும் என்பது சட்டம். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. இந்நிலையில் அப்பிள்ளை ஒவ்வொரு காலையும் வலக்கையை நீட்டி, இந்தியா தன் நாடு என்றும், இந்நாட்டார் யாவரும் தன் உடன்பிறந்தோர் என்றும் உறுதி கூறுகின்றது. ஏழு வயதில் இதில் சிக்கல் ஒன்றுமில்லை. பதினைந்து வயதில், மேற்படிப்பிற்கோ வேலைக்கோ விண்ணப்பம் நிரப்பும் போது, நாட்டினம் என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என அறியாது பேனாவைத் தூக்கிப் பிடிக்கும் நாளில், காலையிற் சொன்ன சொற்கள் நினைவிற்கு வரும். நாள்தோறும் நீ எங்கள் உடன்பிறப்பு என்று வாயாற் கூறச்செய்த கூட்டம், தாளில் அதனை மறுத்துவிடுகின்றது.

இதற்கு ஆசிரியர் என் செய்வார்? சட்டத்தை மாற்றுதல் அவர் கையில் இல்லை. அப்பிள்ளையை உறுதிமொழியிலிருந்து விலக்கி வைத்தல் கொடுமை. அது எவரும் காணாதிருந்ததைக் காட்டிக்கொடுக்கும். உடன்பிறந்தோர் என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்லுதல் ஆசிரியர் கையில் உள்ளது. உறுதிமொழியின் பிற்பகுதி பெற்றோர், ஆசிரியர், மூத்தோர் ஆகியோரை மதித்தலையும் எல்லாரிடத்தும் பண்போடு ஒழுகுதலையும் கூறுகின்றது. அதற்குக் குடியுரிமைத் தாள் எதுவும் வேண்டுவதில்லை. அதனை ஒருநாள் எடுத்து விளக்கலாம். யாழ்ப்பாணத்து நல்லூரையும் மட்டக்களப்பின் வாவியையும் மலையகத் தேயிலைத் தோட்டத்தையும் பண்பாட்டுச் செய்தியாகக் கூட்டத்திற்குக் கொணரலாம். பாட்டியிடம் கேட்ட கதையை அப்பிள்ளை விரும்பினால் சொல்லலாம், விரும்பினால் மட்டுமே. இரக்கப்பொருளாக மேடையேற்றுதல் பிறிதொரு வகைக் காயம்.

சொல்லாதிருக்கும் உரிமை

உறுதிமொழியும் நாட்டுப்பண்ணும் சொல்ல இயலாத பிள்ளை வேறு காரணத்தாலும் இருக்கலாம். 1985 சூலையில் கேரளத்துப் பள்ளியொன்றில் மூன்று குழந்தைகள் நாட்டுப்பண் பாடாமையால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர். பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றனர். தம் சமயக் கொள்கை காரணமாக வாய் திறக்கவில்லை. 1986 ஆகத்தில் உச்சநீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், மரியாதையோடு நிற்றல் அவமதிப்பாகாது எனக் கூறி அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவும் இவ்வகையிற் கருதத்தக்கது. முற்றிலும் அரசுப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசின் ஏற்பு அல்லது உதவி பெறும் பள்ளியில், மாணாக்கரைச் சமய வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தல் ஆகாது. சிறுவராயின் காப்பாளர் இசைவு வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிலையங்கட்கும் இது பொருந்தும் என்பதை நாம் மறத்தலாகாது. நம் பள்ளிகளிற் கிராஅத் ஓதித் தொடங்கும் கூட்டத்தில், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பிற சமயப் பிள்ளை எவ்வாறு நிற்கின்றது என்று நாமும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிதோறும் நாள்தோறும் கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அது பெரிதும் கிறித்தவத் தன்மையுடையதாக இருத்தல் வேண்டும் என்றது. பெற்றோர் வேண்டின் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். ஆன்மிகம், அறம், சமூகம், பண்பாடு என்னும் நால்வகை வளர்ச்சியைப் பள்ளி ஆய்வாளர் நோக்க வேண்டும் என 1992-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. விலக்கு அளித்தல் நல்லதே. ஆனால் விலகிச் சென்று தனியே ஓர் அறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, கூட்டத்தின் பொருட்டுக் கூட்டத்தை இழந்த பிள்ளை.

இதற்கு மாறான வழியை நாட நம் ஊரிலேயே நினைவூட்டும் இடம் உண்டு. தமுக்கம் அருகே இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்கு மதுரைப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒருமுறையேனும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். குருதிக்கறை படிந்த அவ்வாடையைக் காணும் பிள்ளைகட்கு, அவர் கொல்லப்பட்டது வழிபாட்டுக் கூட்டத்திற்குச் செல்லும் வழியில் என்பது சொல்லப்படுகின்றது. அக்கூட்டம் எத்தகையது என்பது சொல்லப்படுவதில்லை. கீதையும் திருக்குர்ஆன் வசனங்களும் பிற சமய மறைகளும் அங்கே ஓதப்பட்டன. 1947 ஏப்பிரலில் தில்லியில் குர்ஆன் ஓதுதலைச் சிலர் எதிர்த்தபோது, காந்தியடிகள் அப்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைத் தொடர இசையவில்லை; வழிபாடு முழுவதையும் நிறுத்தினார். எதிர்ப்பு நீங்கிய பின்னரே மீண்டும் தொடங்கினார். ஒருவருடையதை விலக்கி நடத்தும் பொதுவழிபாடு பொதுவழிபாடு ஆகாது என அவர் கருதியிருக்க வேண்டும்.

வேறுபட்ட நிகழ்ச்சிகளும் உள. 2019 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்துப் பிலிபித் மாவட்டத் தொடக்கப் பள்ளி ஒன்றில், அல்லாமா இக்பால் 1902-இல் குழந்தைகட்காக எழுதிய உருதுப் பாடலைக் காலையிற் பாடச் செய்தமைக்காகத் தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஏழைக்கு உதவவும் அறிவை நாடவும் இறைவனிடம் குழந்தை இறைஞ்சும் பாடல் அது. 2024-இல் சென்னையில் அரசுப் பள்ளி மாணாக்கர்முன் ஆன்மிகச் சொற்பொழிவு செய்ய வந்த ஒருவர், உடற்குறையுடன் பிறத்தல் முற்பிறவிப் பயன் என்னும் பொருள்படப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று அதனை மறுத்தார். ஆன்மிகம் என்னும் பெயரால் வந்தது எது, மாணாக்கர் அன்று உண்மையிற் பெற்ற ஆன்மிகப் பாடம் எது என்பதை நான் கூறவேண்டுவதில்லை.

வெயிலும் பசியும்

நுண்பொருள் பேசுமிடத்து உடலை மறத்தல் நம் வழக்கம். வெறுவயிற்றோடு வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு அறவுரை காதில் ஏறாது. கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுதலும், ஆசிரியை ஓடிவந்து தண்ணீர் தெளித்தலும், காலையில் என்ன சாப்பிட்டாய் என்ற வினாவிற்குப் பிள்ளை வாய் திறவாதிருத்தலும் ஆசிரியப் பெருமக்கள் பலரும் கண்டவை. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில்தான் தொடங்கப்பெற்றது. முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகட்கு அது கிட்டியது. கூட்டத்திற்கு முன் வயிறு நிறைதல் வழிபாட்டிற்குச் செய்த பெருந்தொண்டு என்பேன். ரமலான் திங்களில் நோன்பு நோற்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளை நிழலில் நிறுத்துதலும் இதன்பாற்படும். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை. வேப்பமரம் ஒன்று போதும்.

உடலினும் விரைவில் நோவது மானம். என் இளமைக்காலப் பள்ளியில் கட்டணம் செலுத்தாதோர் பெயர்கள் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். பெயர் கேட்டவர் வரிசையிலிருந்து விலகி முன்னே வந்து நிற்றல் வேண்டும். ஒருமுறை நான் நின்றேன். அன்று கூறப்பட்ட குறளும் அதன் பொருளும் எனக்கு இன்றும் நினைவில் உள்ளன. ஈகை பற்றியது அது. அப்பள்ளியின் மீது இன்று எனக்குச் சினம் இல்லை. அன்று எனக்குப் பின்வரிசையில் நின்ற நண்பன், மதிய உணவு வேளையில் எதுவும் பேசாது தன் உணவில் பாதியை என் பக்கம் நகர்த்தினான் என்பதும் நினைவில் உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையோடு உளத்தை வருத்துதலையும் தடை செய்துள்ளது. முழங்காலிடச் செய்தல், முடிவெட்டாததற்காகச் சுட்டிக் காட்டுதல், தேர்வில் தவறியோரை எழுப்பி நிறுத்துதல் யாவும் இதில் அடங்கும். காலைக் கூட்டம் நீதிமன்றமாக மாறிய நாளில் அங்கே பாடப்படும் எதுவும் பிள்ளையின் உள்ளே செல்லாது.

மௌனம்

ஆன்மிக வளர்ச்சி குறித்து ஒன்று கூற எஞ்சியுள்ளது. நம் பள்ளிக் கூட்டத்தில் ஒலிக்குக் குறைவில்லை, அமைதிக்கே இடமில்லை. தலைவர் எவரேனும் மறைந்தாற்றான் மௌனம் காக்கப்படுகின்றது. பிள்ளைகள் அதனால் மௌனத்தைத் துக்கத்தின் அடையாளம் என்றே அறிந்து வைத்துள்ளனர். நாட்டுப்பண்ணுக்குரிய காலம் 52 விநாடி. அதே அளவு நேரம் நாள்தோறும் ஒன்றும் பேசாது நிற்கச் செய்தால், தன் இறைவனை நினைப்பவன் நினைப்பான். நோயுற்ற தாயை நினைப்பவள் நினைப்பாள். முற்றத்து மரத்தில் கூவும் குயிலைக் கேட்பவன் கேட்பான். எந்தச் சமயத்துக்கும் இழுக்கில்லை, எவரிடத்தும் இசைவு பெற வேண்டியதும் இல்லை. முதல் வாரத்தில் பிள்ளைகள் சிரிப்பர். இரண்டாம் வாரத்திற் காலை மாற்றி மாற்றி நிற்பர். திங்கள் ஒன்று கழிந்தால் அந்நேரத்தை அவர்களே எதிர்பார்ப்பர் என நம்புகின்றேன்.

நம் துறையிற் பயின்று ஆசிரியப் பணியேற்கும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளர். பணியேற்ற முதல் வாரத்தில் அவர்கள் மேடையருகே நில்லாது, கடைசி வரிசைக்குப் பின்னே ஒரு நாள் நின்று பார்த்தல் நன்று. அங்கே ஒலிபெருக்கி சரியாகக் கேட்பதில்லை. முன்னே நிற்பவரின் தலை மறைக்கும். உறுதிமொழியின்போது நீட்டிய கைகள் சில தளர்ந்து தொங்கும். ஒரு கை மட்டும் விறைத்தே நிற்கும். அது யாருடைய கை, எந்த முகவரியிலிருந்து வருவது என்பதை அன்று மாலைக்குள் அறிந்துகொள்ளலாம்.